சோலாருக்குத் தார்ப்பாய் போட்ட வியாழக்கிழமை

இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தபோது நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து இரண்டாவது காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். "ஒரு காபி கெடைக்குமா?" என்று கேட்பதற்கும் "காபி கொண்டா" என்று சொல்வதற்கும் எங்கள் வீட்டில் அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். அன்றைக்கு நான் இரண்டாவது வகையில் கேட்டு, அது வந்தும் இருந்தது. அப்படி என் கொடி பறந்த காலை.

காரணம் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். மாலை ஐந்து மணிக்குத்தான் வரும். ஊரே விசிறியைத் தேடியபோது எங்கள் வீட்டில் மட்டும் நான் சுவரில் இருந்த மாற்று சுவிட்சை, கட்டடம் திறந்து வைக்கிற மந்திரி மாதிரி நின்று நிதானித்துத் திருப்பினேன். சோலாரில் இருந்து கரண்ட் வந்தது. உள் அறையில் என் மனைவியின் முட்டைப் பெட்டியில் சிவப்பு எழுத்து முப்பத்தேழரை என்று அசையாமல் நின்றது. அவள் பாராட்டவில்லை. ஆனால் காபி வந்தது.

முட்டைப் பெட்டி என்று அவள் சொல்வது இன்குபேட்டர். ரெட்டியபட்டிக்குக் கொஞ்சம் வெளியே, கரிசல் காட்டை ஒட்டி எங்கள் வீடு. நான் நூல் மில்லில் ஃபிட்டர். அவள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறாள். கோழி அடைகாத்துப் பொரிப்பதெல்லாம் அவளுக்குப் போதவில்லை. வெயில் காலத்தில் பாதிக் கோழி அடையில் உட்காராது. உட்கார்ந்ததில் பாதி, பாம்பைக் கண்டு எழுந்து ஓடிவிடும். அதனால் இன்குபேட்டர் வாங்கினாள். இருபத்தொரு நாள் முப்பத்தேழரை டிகிரி வேண்டும். கரண்ட் நின்றால் முட்டை குளிரும். குளிர்ந்தால் உள்ளே இருக்கிற உயிர் அப்படியே நின்றுவிடும். அதற்காகத்தான் மொட்டை மாடியில் இரண்டு சோலார் பேனல், கீழே ஒரு பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர். இந்த இலாகா மட்டும் என்னுடையது.

இலாகாவை நான் நடத்திய லட்சணம் இது: பழைய பேட்டரிக்கு மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மூன்று மாதம் ஊற்றவில்லை. ஒரு நாள் கரண்ட் போனபோது பேட்டரி அரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. பதினேழு நாள் வைத்திருந்த முட்டை மொத்தமும் போயிற்று. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கொல்லையில் குழி வெட்டச் சொன்னாள். நான் வெட்டினேன். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மண்ணை மூடிய பிறகு கையைத் தட்டிக்கொண்டே, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பெட்டியை எடைக்குப் போட்டுருவேன். எனக்கு இதைத் தாங்க முடியல" என்றாள். அவள் கத்தியிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். மெதுவாகச் சொன்னதால் ஜோக் வரவில்லை.

அதற்குப் பரிகாரமாகத்தான் லித்தியம் பேட்டரி வாங்கிவந்தேன். "இதுக்குத் தண்ணியே ஊத்த வேண்டாம்" என்றேன். "நம்ம ஊருக்குன்னே செஞ்சிருக்காக போல" என்றாள். ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அதுவும் பேட்டரிக்கு.

அந்தப் புதன்கிழமை பேட்டரியை மாட்டினேன். மறுநாள் வியாழக்கிழமை கரண்ட் நிறுத்தம் என்பதால் பேட்டரி விற்ற கடைக்காரத் தம்பி வந்து மாட்டித் தரும்வரை காத்திருக்க முடியவில்லை. பெட்டியில் நூற்று முப்பத்திரண்டு முட்டைகள். வியாழன் இருபதாவது நாள். காதை வைத்தால் உள்ளேயிருந்து 'க்யீ' என்று சத்தம் கேட்கிற கட்டம். சாமானைப் பார்த்தேன். இரண்டு வயர் பேட்டரிக்கு, இரண்டு வயர் பேனலுக்கு. மில்லில் ஆயிரம் நூல் கதிர் சுற்றுகிற மெஷினையே கழற்றி மாட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா? ஃபிட்டருக்கு போல்ட்டு தெரியும், வோல்ட்டு தெரியாது என்று மில் எலக்ட்ரீசியன் அடிக்கடி சொல்வான். அவன் பொறாமைக்காரன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆக, வியாழன் காலை பத்து பத்து. கையில் காபி. இன்வெர்ட்டர் 'கீ…' என்று நீளமாகக் கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. உள் அறையில் இன்குபேட்டரின் விசிறி நின்ற சத்தம் கேட்டது. விசிறி நிற்பதற்குச் சத்தம் உண்டா என்று கேட்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. அது… புதுசுல்ல. பழகுது."

"மாடா அது, பழகுறதுக்கு?"

நான் இன்வெர்ட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அணைத்துப் போட்டேன். கத்தியது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி கத்தியது. ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதனாலேயே அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது. சுவரில் சார்ஜ் கண்ட்ரோலர் இருந்தது. பேனலில் இருந்து வருவதை அளந்து பேட்டரிக்கு ஊட்டுகிற உள்ளங்கையகல நீலப் பெட்டி அது. அதன் திரையில் பேட்டரிப் படம் வெறும் கூடாக மின்னி மின்னி அணைந்தது. காலியாக இருக்கிறது என்று அர்த்தம். நேற்றில் இருந்தே அப்படித்தான் மின்னுகிறது. புதுப் பேட்டரி, பசி அதிகம், தின்னட்டும் என்று விட்டிருந்தேன்.

"முப்பத்தாறு எட்டு" என்றாள் உள்ளேயிருந்து.

"கதவைத் திறக்காத!"

"கண்ணாடி வழியாத்தான் பாக்கேன். நீங்க அதைப் பாருங்க."

கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். அருப்புக்கோட்டையில் அவன்தான் பேட்டரி கொடுத்தவன். மூன்றாவது முறை எடுத்தான். பின்னால் தவிலும் நாதஸ்வரமும் என் காதைக் கிழித்தன.

"தம்பி, இன்வெர்ட்டர் கத்துது!"

"அண்ணே? கேக்கல! மச்சான் கல்யாணத்துல இருக்கேன்!"

"பேட்டரி காலின்னு காட்டுது! முட்டை இருக்கு உள்ள!"

"முட்டையா? சைவச் சாப்பாடுண்ணே! கெட்டி மேளம் கொட்டப் போறாக, தாலி கட்டவும் நானே கூப்புடுறேன்!"

வைத்துவிட்டான். என் வாழ்க்கையில் கெட்டி மேளம் கேட்டு இரண்டு முறைதான் பயந்திருக்கிறேன். முதல் முறை என் கல்யாணத்தில்.

முப்பத்தாறு மூன்று. பேட்டரி போலியாக இருக்குமோ என்று தோன்றியது. உள்ளே செங்கல் வைத்து மூடியிருப்பார்களோ? தூக்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. பழையது இரண்டு பேர் தூக்குகிற கனம். இதை ஒரு கையால் தூக்க முடிகிறது. ஏமாந்துவிட்டேன் என்று மனம் சத்தியம் செய்தது. நேற்று இதே லேசைத்தான் அவளிடம் பெருமையாகக் காட்டினேன் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. கையேட்டைப் பிரித்தேன். எறும்பு சைசில் இங்கிலீஷ். பயத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். நேராகத் திருப்பிய பிறகும் பெரிய முன்னேற்றம் இல்லை. கண்ணாடியை மில்லிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அவள் வந்து பார்த்தாள். பீரோவில் இருந்து சமுக்காளத்தை எடுத்துப் போய், காற்றுப் போகிற ஓட்டையை விட்டுவிட்டு இன்குபேட்டரைச் சுற்றிப் போர்த்தினாள். அந்த நிதானம் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. குழி வெட்டச் சொன்ன அன்றைக்கும் இதே நிதானம்தான்.

கடைசியில் நான் படித்த ஃபிட்டர் தொழிலின் முழு அறிவையும் திரட்டி, இன்வெர்ட்டரின் மண்டையில் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

கரண்ட் வந்துவிட்டது.

"வந்திருச்சு!" என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள். அவள் குரலில் அப்படி ஓர் ஈரத்தைக் கேட்டுப் பல காலம் ஆயிற்று. நான் தோளை நிமிர்த்தினேன். "அதுக்கெல்லாம் ஒரு அடி இருக்கு. எந்த எடத்துல அடிக்கணும்னு தெரியணும்" என்றேன். ஏழு நிமிடம் ஓடியது. எட்டாவது நிமிடம் 'கீ…'

அதே இடத்தில் அடித்தேன். வரவில்லை. பக்கவாட்டில் அடித்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். கொஞ்ச நேரம் கழித்து, நான் அடிக்காமல் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, அதுவாக வந்தது. ஐந்து நிமிடம் ஓடி மறுபடி போயிற்று.

முப்பத்தைந்து ஒன்பது. ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விழுந்திருந்தது. உள்ளேயிருந்து ஒன்று கொத்தத் தொடங்கிவிட்டது. இனி அதை நிறுத்திவைக்கவும் முடியாது.

அவள் வாசலில் போய் நின்றாள். முற்றத்தையும் இன்வெர்ட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். வானத்தில் அன்றைக்கு வெள்ளை மேகம் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மேகம். வரும், முகத்தைக் காட்டும், பெய்யாமல் கமுதிப் பக்கம் போய்விடும். ஒரு துண்டு வந்து முற்றத்தில் நிழல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் பச்சை விளக்கு போட்டது. மேகம் போனது. வெயில் சுள்ளென்று அடித்தது. 'கீ…'

"என்னங்க, வெயில் அடிச்சா கரண்ட் போகுது. மேகம் வந்தா கரண்ட் வருது."

"அது எப்புடி? அது பேரே சோலாரு. வெயில்லதான் ஓடும். நீ சொல்றது, டீசல் ஊத்துனா அணையிற மோட்டாரு மாதிரி இருக்கு."

"எனக்கு ஞாயம் தெரியாது. கண்ணுல பாத்ததைச் சொல்றேன். இன்னொரு மேகம் வருது, பாருங்க."

நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று மேகத்தைப் பார்த்தோம். இந்தப் பக்கத்தில் மேகத்தைப் பார்த்து நிற்பது புதிதல்ல. குதிரைவாலி விதைத்தவன் எல்லாம் நிற்பான். ஆனால் மழைக்கு இல்லாமல் கரண்டுக்காக மேகத்தை வேண்டியது அநேகமாக நாங்களாகத்தான் இருக்கும். அது வந்தது. நிழல் விழுந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். நாற்பது எண்ணுவதற்குள் பச்சை விளக்கு.

"அப்ப வெயிலை மறச்சிருங்க" என்றாள்.

"எதை மறைக்க?"

"பேனலை. மேல போங்க!"

குதிரைவாலி காயப்போடுகிற தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். செருப்பு போட மறந்துவிட்டேன். தளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. வெயிலைப் பிடிப்பதற்காகத் தெற்கே சாய்த்து வைத்த இரண்டு பேனலையும் தார்ப்பாயால் மூடினேன். கரண்ட் வேண்டும் என்று சோலார் பேனலை மூடுகிற முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். கிரகண நாளில் சூரியனை விழுங்குகிற ராகு மாதிரி கையை விரித்து நின்றேன்.

"வந்திருச்சு!" என்றாள் கீழே இருந்து. "நிக்குது! அப்படியே வச்சுக்கோங்க!"

வைத்துக்கொள்ளலாம். காற்று விட வேண்டுமே! இரண்டு நுனியில் செங்கல் வைத்தேன். காற்று செங்கலோடு தார்ப்பாயைத் தூக்கியது. மூன்றாவது நுனியில் நான் உட்கார்ந்தேன். நாலாவது நுனி படபடவென்று என் முகத்தில் அடித்தது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், கையால்தான் பிடித்துக்கொண்டேன். பல்லால் கடித்தது கொஞ்ச நேரம்தான், போன் வந்தபோது. அதுவும் லோன் வேண்டுமா என்று கேட்ட போன்.

ரோட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். என்னை மாப்ள என்று கூப்பிடுகிறவர். உறவு எதுவும் கிடையாது, கிண்டல் பண்ணுகிற உரிமை மட்டும் உண்டு. ஆடுகளும் அவரும் ஒரே நேரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன மாப்ள, சோலாருக்குக் குளிர் காய்ச்சலா?"

"இல்ல மாமா. வெயில் பட்டா கரண்ட் போயிருது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"எம்புட்டு நேரமா வெயில்ல உக்காந்திருக்க?"

"ஒரு மணி நேரமா."

"எறங்கி நெழல்ல போயி உக்காரு மாப்ள. மோரு இருந்தாக் குடி. எல்லாம் சரியாப் போயிரும்."

போய்விட்டார். ஊர் டீக்கடையில் அது எந்த வடிவத்தில் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் வெயில் விழும். கீழே ஒன்று ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கிறது. அவள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் முற்றத்தில் வந்து நின்று எண் சொன்னாள். முப்பத்தாறு ஒன்று. முப்பத்தாறு ஐந்து. காற்று தார்ப்பாயைப் பிடுங்கியபோதெல்லாம் கீழே 'கீ…' என்று கேட்கும். மறுபடி முப்பத்தாறு. தொண்டை காய்ந்தது. அவள் ஒரு சொம்புத் தண்ணீரும் என் செருப்பும் கொண்டுவந்து கொடுத்தாள். காதலின் சிகரம் என்று நான் இன்றும் அந்தச் செருப்பைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டானது, ஒன்றானது. ஒன்றே முக்காலுக்குக் கடைக்காரத் தம்பி கூப்பிட்டான். வெற்றிலை போட்ட வாய்.

"சாரிண்ணே, பந்தி இப்பத்தான் முடிஞ்சுச்சு. சொல்லுங்க."

தார்ப்பாய் ஒரு கையிலும் போன் மறு கையிலுமாக ஆதியில் இருந்து சொன்னேன். அவன் 'ம்' கொட்டினான். மூடிய பிறகு கரண்ட் நிற்கிறது என்றதும் 'ம்' நின்றது.

"எதுக்குண்ணே தார்ப்பாய்?"

"வெயில் படாம இருக்கத்தான்."

"பேனல் வயரைக் கழத்தி விட்டா முடிஞ்சுச்சேண்ணே. ஒரு ஸ்க்ரூதான?"

மூன்று மணி நேரம். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஒரு ஸ்க்ரூ. நான் கீழே இறங்கிப் போய், யாரிடமும் எதுவும் சொல்லாமல், கண்ட்ரோலரில் இருந்து பேனல் வயரைக் கழற்றினேன். இன்வெர்ட்டர் சமர்த்தாக ஓடியது. மேலே தார்ப்பாய் தன் இஷ்டத்துக்குப் பறந்து வேலியில் போய் விழுந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"போன்ல இருங்கண்ணே" என்றான் தம்பி. "இப்படியே விட்டா பேட்டரி ஏறாது, சாயங்காலம் வரை இருக்கிறதைத்தான் தின்னும். அஞ்சு மணிங்கிறவுக ஏழுக்குத்தான் விடுவாக. இப்பவே சரி பண்ணிரலாம். நான் மறுவீட்டு வேன்ல ஏறப் போறேன், ஏறிட்டா டவர் கெடைக்காது. கண்ட்ரோலர் திரையில மூலையில ஒரு நம்பர் இருக்கும். என்ன போட்டிருக்கு?"

ஸ்பீக்கரில் போட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எறும்புதான் தெரிந்தது. அவள் என்னைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு, நாலு. இருபத்தி நாலு."

"அடப் பாவமே! உங்களோடது பன்னெண்டு வோல்ட் பேட்டரிண்ணே. கண்ட்ரோலர் அதை இருபத்தி நாலுன்னு நெனச்சுக்கிருச்சு. அதான் நெறஞ்ச பேட்டரியக் காலின்னு காட்டுது, நிறுத்தாம ஏத்திக்கிட்டே இருக்கு. நேத்து பேட்டரி பாதிதான் இருந்திருக்கும், அதனால தெரியல. இன்னைக்குக் காலையில நெறஞ்சுருச்சு. லித்தியத்துக்குள்ள காவல்காரன் மாதிரி ஒரு போர்டு இருக்கு. போதும்டான்னு அது கதவைச் சாத்திருது. சாத்தவும் பேனல் கரண்டு முழுசா இன்வெர்ட்டர் மேல பாயுது. இன்வெர்ட்டர் பயந்து கத்தி நின்னுருது. மேகம் வந்தா வரத்து கம்மி, காவல்காரன் கதவைத் திறந்துர்றான். பழைய பேட்டரியா இருந்தா கொதிச்சுக் கெடந்திருக்கும்."

ஆக அந்த வீட்டில் புத்தியோடு நடந்துகொண்டவர்கள் இரண்டு பேர். ஒன்று என் மனைவி, இன்னொன்று பேட்டரி.

"அது ஏன் தம்பி இருபத்தி நாலுன்னு நெனச்சுச்சு?" என்று கேட்டாள் அவள்.

"அதுதான்கா எனக்கும் புரியல. பேட்டரியத்தான் மொதல்ல மாட்டணும். அதைப் பாத்துத்தான் கண்ட்ரோலர் பன்னெண்டா இருபத்தி நாலான்னு முடிவு பண்ணும். பேனலை மொதல்ல மாட்டுனாத்தான் ஏமாறும். அண்ணே, எதை மொதல்ல மாட்டுனீங்க?"

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு வண்டி சமாச்சாரம் இருக்கிறது.

புதன்கிழமை காலை அவள் காலண்டரைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டுல இருந்து ஒண்ணரை ராகு காலம். அதுக்கு முன்ன ஆரம்பிச்சிருங்க" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "சோலார் எல்லாம் விஞ்ஞானம். இதுக்கு ஏது ராகு காலம்? படிச்சவன் கேட்டாச் சிரிப்பான்" என்று ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். பழைய பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, பழைய வயரின் கவ்வி புதுப் பேட்டரியின் போல்ட்டுக்குச் சேரவில்லை. அதற்கு வளையம் வாங்க ரெட்டியபட்டிக்குப் போக வேண்டும். மணி பதினொன்று ஐம்பது. போய் வருவதற்குள் ராகு காலத்தின் நடுவில் மாட்டிக்கொள்வேன். உள்ளே நூற்று முப்பத்திரண்டு முட்டைகள். போன தடவை வெட்டிய குழி மண் இறங்கி இன்னும் பள்ளமாகக் கிடக்கிறது. நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த பேனல் வயரைக் கண்ட்ரோலரில் சொருகி முடுக்கிவிட்டேன். நல்ல நேரத்தில் வேலை தொடங்கியாயிற்று என்று ஒரு திருப்தி. கண்ட்ரோலர் உடனே விளக்கு போட்டது. ஆசீர்வாதம் என்று நினைத்தேன். பேட்டரியை ஒன்று நாற்பதுக்கு மாட்டினேன்.

"அண்ணே? லைன்ல இருக்கீகளா? எதை மொதல்ல?"

"பேனலை."

"அது ஏண்ணே?"

அவள் முகம் எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. வாழ்க்கையில் பொய் சொல்ல வேண்டிய நேரங்களுக்கு என்னிடம் இருப்பு எப்போதும் உண்டு. அன்றைக்குக் கையை விட்டால் ஒன்றும் அகப்படவில்லை.

"ராகு காலத்துக்கு முன்ன… ஒரு வயராவது… சொருகி வப்போம்னு."

தம்பி சிரிப்பை அடக்கிய சத்தம் இரண்டு மூச்சு கேட்டது. அவள் சிரிக்கவில்லை. திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். வியாழன். ஒன்றரையில் இருந்து மூன்று. மணி ஒன்று ஐம்பத்தைந்து.

"இப்பவும் ராகு காலந்தான்" என்றாள்.

"மூணு மணிக்கு மேல பண்ணலாமா தம்பி?" என்று கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? விஞ்ஞானிதான்.

"வேன் கெளம்புதுண்ணே."

அவள் உள் அறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே 'க்யீ, க்யீ' என்றது, ஒன்றல்ல, நாலைந்து. "கோழி எந்த ராகு காலம் பாத்து அடையில உக்காருது? கழத்துங்க" என்றாள்.

மாற்று சுவிட்சை நடுவில் வைத்தேன். இன்குபேட்டர் நின்றது. இன்வெர்ட்டர் வயரைக் கழற்றினேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். "திரை முழுசா அணையணும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றான் தம்பி. திரை உடனே அணையவில்லை. மங்கியது. இன்னும் மங்கியது. உயிரை விட மனமில்லாத பெரிய மனிதர் மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தது. பின்னால் அவள், "முப்பத்தஞ்சு எட்டு" என்றாள். போனில் வேன் ஹாரன் அடித்தது. யாரோ, "ஏலே, ஏறுலே! மாப்பிள்ளை ஏறிட்டாரு!" என்று கத்தினார்கள்.

"அணைஞ்சிருச்சு!"

"இப்ப பேட்டரி. பேட்டரி மட்டும்."

போல்ட்டில் ஸ்பானர் நிற்கவில்லை. முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த கை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வயரைப் பிடித்துக்கொண்டாள். முடுக்கினேன். திரை விழித்தது.

"மூலையில?"

"ஒண்ணு, ரெண்டு" என்றாள். "பன்னெண்டு!"

"பட்டனை அமுக்கிப் பிடிங்க. பேட்டரி வகைன்னு வரும். அங்க லித்தியம்னு மாத்துங்க. அதை மாத்தாம விட்டா மறுபடி நாளைக்கு…" வேன் கிளம்பிவிட்டது. 'நாளைக்கு' என்ற வார்த்தையோடு டவரும் போயிற்று.

பட்டனை நான் அமுக்கினேன், எழுத்தை அவள் படித்தாள். வேறு வேறு வந்தது. "இதுல்ல… இதுல்ல… நில்லுங்க. லி. இதுதான்." விட்டேன். பேட்டரிப் படம் நிறைய நிறையக் கறுத்து நின்றது. இன்வெர்ட்டரை மாட்டினேன். பச்சை. சுவிட்சைத் திருப்பினேன். இந்த முறை மந்திரி மாதிரி இல்லை, மனு கொடுக்க வந்தவன் மாதிரி. விசிறி சுற்றியது. கடைசியாகப் பேனல். வெளியே மேகம் ஒன்றுகூட இல்லை, வெயில் கண்ணைப் பறித்தது. வயரைச் சொருகிவிட்டு இரண்டு பேரும் 'கீ' சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இருபது.

"முப்பத்தாறு ரெண்டு" என்றாள். பிறகு எண் சொல்வதை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

கரண்ட் ஆறேகாலுக்கு வந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததில் இருந்து ஓடுகள் உடைந்துகொண்டே இருந்தன. நூற்று முப்பத்திரண்டில் நூற்று நான்கு. மிச்சத்தில் எத்தனை என் புண்ணியத்தில் நின்றது, எத்தனை தானாக நின்றது என்று யாருக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவள் சொல்லாமலே கொல்லையில் போய்ச் சின்னதாக ஒரு குழி வெட்டினேன்.

ஈரம் காய்ந்த குஞ்சுகளை எடுத்து விளக்கடியில் விட்டுக்கொண்டிருந்தபோது, பெட்டியை எடைக்குப் போடுவது பற்றி அவள் எதுவும் பேசவில்லை. கூடையில் சேர்த்துவைத்திருந்த புது முட்டைகளை எண்ணினாள். காலண்டரைப் பார்த்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அடுத்த அடைக்கு நல்ல நேரம் பாக்குறியோ? நானும் கொஞ்சம் பாத்துச் சொல்லவா?"

ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"முட்டைக்கு நான் பாத்துக்கிறேன். வயருக்கு மட்டும் நீங்க பாக்காதீக."